மைக் முன்னால் ரக்பி பயிற்சியாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் ரக்பி பார்க்க ஆரம்பிக்கும்போது, ஆட்ட விதிகளுக்கு அடுத்தபடியாகக் குழம்புவது பயிற்சியாளர்களின் பேச்சைக் கேட்டுத்தான். ஒருவர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார், மூன்றாமவர் ஒரு மணி நேரத்துக்கு வீடியோ எடுத்து மாதக்கணக்கில் தடை வாங்குகிறார். என்னிடம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. உதாரணங்கள் எல்லாம் நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்களில் இருந்துதான், நான் விடாமல் பார்ப்பது அவற்றைத்தான்.

ஒரு வாரத்தில் பயிற்சியாளர் எத்தனை முறை பேச வேண்டியிருக்கும்?

சனிக்கிழமை டெஸ்ட் (ரக்பியில் ஒரு சர்வதேச ஆட்டத்துக்கு அதுதான் பெயர்) என்று வைத்துக்கொள்வோம். வாரத் தொடக்கத்தில் ஒரு சந்திப்பு இருக்கும், அதற்குப் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளரும் ஓரிரு வீரர்களும் வருவார்கள். வியாழக்கிழமை வாக்கில் 23 பேர் பட்டியல் வெளியாகும். அன்று தலைமைப் பயிற்சியாளர் வந்துதான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை மைதானத்தில் லேசான பயிற்சி, அதை 'கேப்டன்ஸ் ரன்' என்பார்கள், அன்று கேப்டன் பேசுவார். ஆட்டம் முடிந்த கையோடு, வியர்வை காயும் முன்பே டிவி பேட்டி, அப்புறம் அரங்கத்துக்குள்ளேயே கேப்டனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தியாளர் சந்திப்பு.

இதில் கனமானது வியாழக்கிழமைதான். பட்டியலில் இல்லாத வீரனிடம் முதல் நாளோ அதற்கும் முன்போ நேரில் சொல்லியிருக்க வேண்டும், அவன் செய்தியைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டால் அந்த அணிக்குள் அன்றே விரிசல் விழுந்துவிடும். அதனால் "ஏன் அவரை எடுக்கவில்லை?" என்று கேள்வி வரும்போது, அந்த வீரனிடம் தனியறையில் சொன்னதற்கு முரணாக ஒரு வார்த்தைகூட வந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடுதான் பயிற்சியாளர் பதில் சொல்கிறார். அந்தப் பதில் வழவழவென்று இருந்தால் தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்? கேட்கவே சலிப்பாக இருக்கிறதே?

இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஸ்டீவ் போர்த்விக் மேல் எப்போதும் இருக்கும் குறை இதுதான். கேள்வி என்னவாக இருந்தாலும் எதிரணியைப் பாராட்டிவிட்டு, நாங்கள் இன்னும் முன்னேற வேண்டும் என்று முடித்துவிடுவார். அவருக்கு முன்னால் ஏழு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர் எடி ஜோன்ஸ், வாயைத் திறந்தாலே தலைப்புச் செய்தி. அந்த இரைச்சலுக்குப் பிறகு வந்த மனிதர், 2022 டிசம்பரில் பதவியேற்று அடுத்த ஆண்டே உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தார். சலிப்பூட்டுவது ஒரு கேடயம். எதிரணியின் உடைமாற்றும் அறையில் ஒட்டி வைக்க ஒரு வரிகூடக் கிடைக்காது. பார்க்கிற நமக்குச் சுவை குறைவு, அது உண்மை. ஆனால் அவருடைய வீரர்களுக்கு அது நிம்மதி.

உண்மையில் அவர்கள் யாரிடம் பேசுகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். கேள்வி கேட்பவர் பத்திரிகையாளர், ஆனால் பதில் அவருக்கு இல்லை. சில சமயம் தன் வீரர்களுக்கு, சில சமயம் எதிரணிக்கு, சில சமயம் சனிக்கிழமை விசில் ஊதப்போகும் நடுவருக்கு, தோற்றுக்கொண்டிருந்தால் சம்பளம் தரும் வாரியத்துக்கு. யாருக்கு என்று கண்டுபிடித்துவிட்டால் பேச்சு முழுக்கப் புரிந்துவிடும்.

2019 உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும். அந்த வாரத் தொடக்கத்தில் எடி ஜோன்ஸ் வந்து உட்கார்ந்து, எங்கள் பயிற்சியைப் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து யாரோ படம்பிடித்தார்கள் என்று போட்டார் ஒரு குண்டு. அப்புறம் நியூசிலாந்துப் பத்திரிகையாளர்களைப் பார்த்து, நீங்கள் எல்லாம் கீபோர்டு வைத்திருக்கும் ரசிகர்கள், உங்கள் அணியைக் கஷ்டமான கேள்வியே கேட்பதில்லை என்றார். தொடர்ந்து மூன்றாவது கோப்பையைத் துரத்துகிறவர்கள் அவர்கள், அழுத்தம் முழுக்க அவர்கள் மேல்தான், எங்களை யாரும் ஜெயிப்போம் என்று நினைக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க எல்லோரும் உளவு பார்த்தது யார் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்து வீரர்களின் உடல்நிலை, தேர்வு, தந்திரம் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவர்கள் நிம்மதியாகப் பயிற்சி செய்துவிட்டு வந்து 19-7 என்று ஜெயித்தார்கள். ஜோன்ஸின் பேச்சால் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அன்று அவர்கள் ஆடிய ஆட்டம் அப்படி. ஆனால் வீரர்கள் தலையில் விழ வேண்டிய வெளிச்சத்தை அவர் தன் தலையில் வாங்கிக்கொண்டார், அதுதான் அங்கே நடந்தது.

சீண்டல் எப்போதுமே பலிக்குமா?

இல்லை. 2009 மார்ச், ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸின் கடைசி ஆட்டம், கார்டிஃபில் வேல்ஸும் அயர்லாந்தும். அயர்லாந்து ஜெயித்தால் 1948க்குப் பிறகு முதல் கிராண்ட் ஸ்லாம், அதாவது அந்த ஆண்டுப் போட்டியில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் வெற்றி. அந்த வாரத்தில் வேல்ஸ் பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட், எங்கள் பையன்களுக்குப் போட்டியில் ஆடும் அணிகளிலேயே பிடிக்காதது அயர்லாந்துதான் என்று சொல்லி வைத்தார். 61 வருடமாகக் காத்திருக்கும் அணிக்கு ஏற்கெனவே வெறி இருக்கிறது, அதில் இவர் எண்ணெய் ஊற்றினார். கடைசி நிமிடங்களில் அயர்லாந்தின் ரோனன் ஓ'காரா பந்தைத் தரையில் போட்டு உதைத்து அடித்த டிராப் கோல், அதற்குப் பிறகு வேல்ஸின் ஸ்டீபன் ஜோன்ஸ் அடித்த நீண்ட பெனால்டி குறுக்குக் கட்டைக்குக் கீழே விழுந்தது, அயர்லாந்துக்கு 17-15, முடிந்தது கதை.

நடுவரைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்?

இங்கேதான் எனக்குக் கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2021 ஜூலை. பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்களின் கூட்டணி) தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பயணம். கோவிட் காரணமாக அரங்கங்கள் காலி. முதல் டெஸ்ட்டுக்கு முன்பே சூடு ஏறியிருந்தது: வீடியோ பார்த்து முடிவு சொல்லும் டிவி நடுவராக வரவேண்டிய நியூசிலாந்துக்காரர் பயணம் செய்ய முடியாமல் போக, அவருக்குப் பதில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மாரியஸ் யோங்கர் அமர்த்தப்பட்டார், லயன்ஸ் தரப்பு முகம் சுளித்தது. அந்த ஆட்டத்தை லயன்ஸ் 22-17 என்று ஜெயித்தது. அடுத்த சில நாட்களில் தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் ராசி எராஸ்மஸ் 62 நிமிட வீடியோ ஒன்றில் தோன்றினார். கேமரா முன் உட்கார்ந்து, ஆட்டத்தின் துண்டுக் காட்சிகளை ஒவ்வொன்றாக ஓட்டி, நடுவர் நிக் பெரி இங்கே தவறினார், இங்கே எங்கள் கேப்டன் சியா கொலிசியை லயன்ஸ் கேப்டன் அளவுக்கு மதிக்கவில்லை என்று வகுப்பு எடுத்தார். அது இணையத்தில் பரவி, ரக்பி பார்க்கும் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அவர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் அணிகள் சந்தேகமான காட்சிகளை நடுவருக்கு அனுப்பி விளக்கம் கேட்பது வழக்கமான நடைமுறை, அந்த விளக்கம் நேரத்தில் வரவில்லை என்பது அவருடைய குறை. ஆனால் அதற்காக ஒரு மனிதனை ஊர் நடுவில் நிறுத்தி ஒரு மணி நேரம் உரிக்கலாமா? நவம்பரில் தீர்ப்பு வந்தது. இரண்டு மாதம் எல்லா ரக்பி வேலையிலிருந்தும் தடை, 2022 செப்டம்பர் இறுதி வரை ஆட்ட நாளில் எந்தப் பொறுப்பும் கூடாது, தென்னாப்பிரிக்க ரக்பி வாரியத்துக்கு 20,000 பவுண்டு அபராதம். தன் நேர்மை கேள்விக்குள்ளானதாகவும், தானும் குடும்பமும் அந்த நாட்களில் மிகவும் வேதனைப்பட்டதாகவும் பெரி விசாரணையில் தெரிவித்திருந்தார்.

தென்னாப்பிரிக்கா அடுத்த இரண்டு டெஸ்ட்டையும் 27-9, 19-16 என்று ஜெயித்து தொடரை எடுத்தது. அதனால் வீடியோ வேலை செய்தது என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

எராஸ்மஸ் அதோடு நிறுத்திக்கொண்டாரா?

தடை முடிந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. 2022 நவம்பரில் மார்செய்யில் பிரான்ஸிடம் 26-30 என்று தோற்ற பிறகு, ஆட்டக் காட்சிகளோடு குத்தலான ட்விட்டர் பதிவுகள் போட்டார். அன்று நடுவர் வேய்ன் பார்ன்ஸ். இந்த முறை இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. ட்விட்டர் பதிவும் செய்தியாளர் சந்திப்பில் சொன்னதற்குச் சமம்தான் என்பது அத்தோடு எல்லா அணிகளுக்கும் உறைத்துவிட்டது.

நடுவர் நிஜமாகவே தப்பு செய்திருந்தால்? அப்போதும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

பொதுவில், ஆமாம். உள்ளே கேட்க வழி இருக்கிறது, அங்கே எவ்வளவு கடுமையாகவும் கேட்கலாம். நடுவர்களின் பொறுப்பாளரிடம் காட்சிகளோடு போய் உட்காரலாம், பல பயிற்சியாளர்கள் வாராவாரம் அதைத்தான் செய்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், எதிரணிப் பயிற்சியாளரைச் சீண்டினால் அவர் அடுத்த நாள் மைக் முன்னால் வந்து திருப்பிக் கொடுப்பார். நடுவரால் அது முடியாது. அவருக்குச் செய்தியாளர் சந்திப்பு கிடையாது. 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸ் நியூசிலாந்தை 20-18 என்று வீழ்த்தியபோது, விதிப்படி செல்லாத ஒரு முன்னோக்கிய பாஸைக் கவனிக்காமல் விட்டதற்காக அன்று 28 வயதான வேய்ன் பார்ன்ஸ் மேல் கொலை மிரட்டல் வரை போனது. பதினாறு வருடம் கழித்து, 2023 இறுதிப் போட்டியை நடத்திவிட்டு ஓய்வு பெற்ற அதே பார்ன்ஸ், தன் குடும்பத்துக்கு வரும் மிரட்டல்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. அந்த இறுதிப் போட்டியின் டிவி நடுவர் டாம் ஃபோலி, வசவுகள் தாங்காமல் சர்வதேச ஆட்டங்களிலிருந்தே விலகினார். பயிற்சியாளர் ஒரு சொல் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுகிறார், அதைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் பேர் கிளம்புகிறார்கள்.

நிர்வாகமே இந்தத் தப்பைச் செய்ததும் உண்டு. 2015இல் ஸ்காட்லாந்து 34-35 என்று ஆஸ்திரேலியாவிடம் தோற்ற உலகக் கோப்பைக் காலிறுதியில், கடைசியில் கொடுத்த பெனால்டி தவறு, ஸ்க்ரம் (இரு அணியும் பிணைந்து தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) கொடுத்திருக்க வேண்டும் என்று, ரக்பியின் உலக நிர்வாக அமைப்பான வேர்ல்ட் ரக்பியே மறுநாள் அறிக்கை விட்டது. நடுவர் கிரெய்க் ஜூபேர் ஏற்கெனவே கடும் தாக்குதலில் இருந்தார்.

காயம் பற்றிக் கேட்டால் ஏன் மழுப்புகிறார்கள்?

பாதி தந்திரம், பாதி விதி. தோள்பட்டையோ தொடையோ என்றால் எதிரணிக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பார்கள். தலையில் அடி என்றால் பயிற்சியாளர் சொல்வதற்கே ஒன்றும் இல்லை, முடிவு மருத்துவர் கையில். 2022 ஜூலையிலிருந்து, மூளை அதிர்ச்சி உறுதியான வீரர்களில் பெரும்பாலானோர் குறைந்தது 12 நாட்கள் ஆட முடியாது. அதனால் "அடுத்த வாரம் வருவாரா?" என்ற கேள்விக்கு "மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற பதில் வந்தால் அது சரியான பதில்.

பத்திரிகை கேலி செய்தால் எப்படி எடுத்துக்கொள்வது?

இதற்கு இரண்டு மனிதர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2016 அக்டோபர், ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் மைக்கேல் செய்க்காவை நியூசிலாந்து ஹெரால்ட் பத்திரிகை கோமாளி வேஷத்தில் வரைந்தது. ஆக்லாந்தில் 10-37 என்று தோற்ற இரவில் அவர் அதைப் பற்றிக் கொதித்துப் பேசினார், அடுத்த நாள் செய்தி முழுக்கக் கோமாளிதான். அடுத்த ஆண்டு லயன்ஸ் அணியோடு அதே ஊருக்கு வந்த கேட்லண்டையும் அதே பத்திரிகை அதே மாதிரி வரைந்தது. அவர் தொடர் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. 15-15 என்று மூன்றாவது டெஸ்ட் முடிந்து, உலக சாம்பியனோடு தொடரைச் சமன் செய்த இரவில், செய்தியாளர் சந்திப்புக்குள் சிவப்பு மூக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். கார்டிஃபில் வாயைக் கொடுத்து மாட்டியவரும் இவரேதான் என்பதையும் மறக்காதீர்கள், எட்டு வருடத்தில் மனிதர் காத்திருக்கக் கற்றிருந்தார்.

விளம்பர நிபுணரை அமர்த்தினால் சமாளிக்கலாமா?

2005இல் கிளைவ் வுட்வர்ட் செய்து பார்த்தார். நியூசிலாந்து சென்ற லயன்ஸ் அணிக்கு ஊடக ஆலோசகராக, பிரதமர் டோனி பிளேரிடம் இருந்த அலஸ்டர் கேம்ப்பெலையே கூட்டிப் போனார். முதல் டெஸ்ட் தொடங்கி ஓரிரு நிமிடங்களில், நியூசிலாந்து வீரர்கள் உமாகாவும் மெயலாமுவும் சேர்ந்து தூக்கிப் போட்டதில் லயன்ஸ் கேப்டன் பிரையன் ஓ'டிரிஸ்கலின் தோள் இறங்கியது. பயங்கரமான சம்பவம், லயன்ஸின் கோபத்தில் நூறு சதவீதம் நியாயம் இருந்தது. ஆனால் அதைச் சொன்ன விதத்தில், காட்சியை ஓட்டிக் காட்டிச் செய்தியாளர் சந்திப்பு நடத்திய விதத்தில் அரசியல் பிரச்சார வாடை அடித்தது. 3-21 என்று மோசமாகத் தோற்றதை மறைக்கத்தான் இவ்வளவும் என்று நியூசிலாந்து மக்கள் எடுத்துக்கொண்டார்கள், ஓ'டிரிஸ்கலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நியாயமும் அதில் காணாமல் போனது. அதே பயணத்தில் அணியில் இடம் கிடைக்காத கேவின் ஹென்சன் வுட்வர்ட்டோடு பேசிக்கொண்டிருக்கும் படம் ஒன்று பத்திரிகைகளுக்குப் போனது, அது எடுக்கப்பட்டதே தனக்குத் தெரியாது என்று ஹென்சன் பின்னால் சொன்னார். தொடர் 0-3.

தன் வீரனுக்காகக் கோபப்பட்டால்?

நான் அதை மன்னித்துவிடுவேன், ஆனால் யார் மேல் கோபம் என்பதைப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் இங்கிலாந்து கேப்டன் ஓவன் ஃபாரல் சிவப்பு அட்டை வாங்கி, முதல் விசாரணையில் தப்பி, மேல்முறையீட்டுக்குக் காத்திருந்த வாரம். அவருடைய அப்பா ஆண்டி ஃபாரல் அயர்லாந்தின் பயிற்சியாளர். மகனைச் சுற்றி ஊடகங்கள் நடத்திய சர்க்கஸ் அருவருப்பானது என்று நேருக்கு நேராகச் சொன்னார், எந்த அதிகாரியையும் பெயர் சொல்லித் தாக்கவில்லை. அந்த ஒரு வாரம் அவர் அப்பாவாகப் பேசினார்.

2025 மார்ச்சில் டப்ளினில் அந்துவான் துபோனின் முழங்கால் தசைநார் அறுந்தபோது, பிரான்ஸ் பயிற்சியாளர் ஃபாபியன் கால்தியே அயர்லாந்து வீரர்களின் பெயரைச் சொல்லி, நடவடிக்கை வேண்டும் என்றார். பார்த்த அதிகாரிகள் நடவடிக்கைக்கு இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். உலகின் தலைசிறந்த வீரனை இழந்த மனிதனின் வலி புரிகிறது. ஆனால் விசாரணை நடக்கும் முன்பே ஒருவனைக் குற்றவாளி ஆக்கியது எனக்கு உறுத்துகிறது.

தோல்வி தொடர்ந்துகொண்டே போனால்?

2022 ஜூலையில் சொந்த மண்ணில் அயர்லாந்திடம் நியூசிலாந்து தொடரை இழந்த மறுநாள், இயன் ஃபாஸ்டரின் செய்தியாளர் சந்திப்பை வாரியம் ரத்து செய்தது. மௌனம் பேச்சைவிடச் சத்தமாகக் கேட்டது, அன்று முழுக்க அவர் வேலை போய்விட்டதா என்றுதான் பேச்சு. அடுத்த மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவை 35-23 என்று வென்று அவர் தப்பினார். பிறகு உலகக் கோப்பைக்குப் பல மாதம் முன்பே அடுத்த பயிற்சியாளர் ஸ்காட் ராபர்ட்சன் என்று அறிவித்தும்விட்டார்கள். ஃபாஸ்டர் அந்த நிலையில், வாராவாரம் அதே கேள்விகளுக்குக் கசப்பைக் கொட்டாமல் பதில் சொல்லியபடி, அணியை இறுதிப் போட்டி வரை கொண்டு போய் ஒரே ஒரு புள்ளியில், 11-12 என்று தோற்றார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எடி ஜோன்ஸ் அதே ஆண்டில் நேர் எதிர். ஆஸ்திரேலிய அணியோடு உலகக் கோப்பைக்குக் கிளம்பும்போது சிட்னி விமான நிலையத்தில் பத்திரிகையாளர்களைப் பார்த்து, என் வாழ்க்கையிலேயே மோசமான செய்தியாளர் சந்திப்பு இதுதான் என்று சீறினார். 2019இல் உதவிய அதே முறைதான், ஆனால் அப்போது பின்னால் வெற்றிகள் இருந்தன. இந்த முறை வேல்ஸிடம் 6-40, ஆஸ்திரேலியா வரலாற்றில் முதல் முறையாக முதல் சுற்றிலேயே வெளியேறியது. இடையில் ஜப்பான் வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று செய்தி வர, மறுத்தார். அக்டோபர் இறுதியில் ராஜினாமா, டிசம்பரில் ஜப்பான் பயிற்சியாளர்.

புதிதாகப் பார்க்கும் நான் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

2019 அக்டோபர் ஜோன்ஸ் பேச்சைத் தேடிப் பாருங்கள், உடனே அந்த அரையிறுதியின் முதல் சில நிமிடங்களையும் பாருங்கள். நியூசிலாந்து அணி ஹாக்கா என்ற தன் மாவோரி நடனத்தை ஆடும்போது இங்கிலாந்து வீரர்கள் கவட்டை வடிவத்தில் அவர்களைச் சூழ்ந்து நிற்பார்கள், சிலர் நடுக்கோட்டைத் தாண்டி நின்றதற்காக 2,000 பவுண்டு அபராதமும் கட்டினார்கள். கேமரா ஓவன் ஃபாரலின் முகத்துக்குப் போகும்போது அவர் உதட்டோரம் சிரித்துக்கொண்டிருப்பார். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள் இங்கிலாந்தின் மானு டுய்லாகி கோட்டுக்கு மேல் பந்தை வைத்துப் புள்ளி எடுத்துவிடுவார்.